பதினோரு ஸ்ரீராமஜெய நோட்டுகள்

அட்டையில் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறக்கும் ஆஞ்சநேயர். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு முறை 'ஸ்ரீராமஜெயம்' என்று எழுத வேண்டும். கோவில் வாசல் கடைகளில் இந்த நோட்டுகளை டஜன் டஜனாக அடுக்கி வைத்திருப்பார்கள். என் மன்னி, அதாவது என் அண்ணாவின் மனைவி, அப்படிப் பதினோரு நோட்டுகளை எழுதி நிரப்பினாள். ஒன்றில்கூட அந்த நாமம் கிடையாது. 'இன்று' என்று ஒரு கட்டத்தில், 'குக்கர்' என்று அடுத்த கட்டத்தில், 'சத்தத்துக்கு' என்று அதற்கடுத்ததில், 'பயப்படவில்லை' என்று அதற்கும் அடுத்ததில். அவள் எனக்குக் காட்டிய ஒரே வரி அது. மற்றதெல்லாம் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணமும் நானேதான்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் என் பிறந்த வீடு. அண்ணா மஸ்கட்டில் வேலையாக இருந்தான். வருடத்துக்கு இருபது நாள் வருவான். அவர்கள் பையன் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தான். வீட்டில் அம்மாவும் மன்னியும் மட்டும். அதற்காக வீடு வெறிச்சோடிக் கிடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். உற்சவம், புறப்பாடு என்று ஏதாவது ஒரு சாக்கில் நாள் தவறாமல் நாலு பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களெல்லாம் அம்மாவிடம் பேச வந்தவர்கள். மன்னியிடம் காபி குடிக்க வந்தவர்கள். அவள் ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "நேத்திக்குக் கார்த்தாலேர்ந்து நான் என்ன பேசினேன்னு எண்ணிப் பாத்தேன்டி. 'ஆச்சும்மா', 'இதோ வரேம்மா', 'காபியா, மோரா?' அவ்வளவுதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வையம்பட்டியில் தலைமையாசிரியர் வீட்டில் பிறந்து, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியெல்லாம் ஜெயித்த பெண் அவள்.

பிறகு அந்தப் படபடப்பு வந்தது. அடுப்படியில் நிற்கும்போது, குக்கர் விசில் கேட்டால், வாசலில் கார் கதவு அடித்துச் சாத்தினால், நெஞ்சு திடுதிடுவென்று அடித்துக்கொள்ளும்; கை சில்லிட்டுவிடும்; இதோ செத்துப் போகப் போகிறோம் என்று தோன்றுமாம். இருதய டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயம் நன்றாக இருக்கிறது, மனசுக்கு ஒருத்தரைப் பாருங்கள் என்று தில்லைநகருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மனசுக்கு டாக்டர் என்று அம்மாவிடம் சொன்னால் வீதி முழுக்கப் பரவிவிடும். "கழுத்து நரம்பு டாக்டர்மா" என்று நான்தான் சொல்லி வைத்தேன். எங்கள் குடும்பத்தில் பொய் சொல்வது பாவமில்லை. கேட்பவர் மனசு நோக உண்மையைச் சொல்வதுதான் பாவம். அந்தப் பாடத்தில் நான் எப்போதும் முதல் மார்க்.

மாதம் ஒருமுறை கே.கே. நகரில் என் வீட்டிலிருந்து நான் போய் அவளை ஆட்டோவில் அழைத்துப் போவேன். அந்த டாக்டரம்மா மாத்திரையைவிட இரண்டு வேலைகளைத்தான் பெரிதாகச் சொன்னார். தினம் இருபது நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். "பயம் வந்தா வரட்டும்ங்க. விரட்டாதீங்க, அதுவே போயிடும்." அடுத்தது, தினம் பத்து வரி எழுத வேண்டும். எதற்குப் பயந்தோம், நிஜத்தில் என்ன நடந்தது என்று. "யாருக்கும் காட்ட வேண்டாம். எனக்குக்கூடக் காட்ட வேண்டாம். நீங்களே அப்பப்ப திருப்பிப் படிச்சுப் பாருங்க, போதும்." திரும்பி வரும்போது ஆட்டோ பாலம் தாண்டுகையில் மன்னி, "இருபது நிமிஷம் கதவைச் சாத்திண்டு எங்கடி உக்காருவேன்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். அந்த வீட்டில் ஒரு பெண் பகல் வேளையில் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன ஆச்சு என்று கேட்காமல் விடமாட்டார்கள். கேட்காமல் விடும் அறை ஒன்றே ஒன்று, பெருமாள் உள், அதாவது பூஜை அறை. அதனால் மத்தியானம் அம்மா சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் மன்னி பெருமாள் உள்ளில் போய் உட்கார்ந்தாள். ஒரு வாரம் கழித்து அம்மா எட்டிப் பார்த்திருக்கிறாள். நாட்டுப்பெண், அதாவது மருமகள், கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள்; மடியில் ஒரு நோட்டும் பேனாவும். அன்று தற்செயலாக நானும் அங்கே இருந்தேன். "என்னடி எழுதறா இவ?" என்று அம்மா என்னைக் கேட்டாள். மன்னி கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். ஒரு நொடிகூட யோசிக்காமல், "ஸ்ரீராமஜெயம் எழுதறாம்மா" என்றேன்.

எவ்வளவு சாமர்த்தியமான பொய் என்று அன்று முழுக்க என்னை நானே மெச்சிக்கொண்டேன். நாம நோட்டை யார் திறந்து படிப்பார்கள்? படிக்க என்ன இருக்கிறது, ஒரே பெயர்தானே. கையில் எடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு கீழே வைத்துவிடுவார்கள். அதுவும் அம்மாவுக்குக் கண்ணில் புரை. மறுநாளே அவள் கோவில் வாசலிலிருந்து ஒரு டஜன் கட்ட நோட்டுகளை வாங்கி வந்து மன்னியின் மடியில் வைத்தாள். அதன்பிறகு மன்னி அதில்தான் எழுதியாக வேண்டியிருந்தது, கட்டத்துக்கு ஒரு சொல்லாக. "அதுவும் நல்லதுக்குத்தான். ஒரு கட்டத்துக்குள்ள எவ்வளவு பயத்தை எழுத முடியும்?" என்று அவள் சொன்னபோது இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆத்துக்கு வந்த நாட்டுப்பொண் நாமம் எழுதறா. அதுக்கெல்லாம் குடுத்து வெச்சிருக்கணும்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். மஸ்கட்டுக்குப் போனில் சொன்னாள். அண்ணா அங்கிருந்து, "எனக்கும் சேத்து எழுதச் சொல்லு" என்று சிரித்தான். பெண்டாட்டி என்ன எழுதுகிறாள், எதற்கு எழுதுகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அவன். வீதியில் மன்னிக்குத் தனி மரியாதை வந்தது. மகளுக்கு விசா வேண்டும், ஆயிரம் நாமம் எழுதித் தர முடியுமா என்று ஒரு மாமி வந்தாள். அதை மட்டும் மன்னி வேறு நோட்டில் சிரத்தையாக எழுதிக் கொடுத்தாள். ஆனால் முன்பு வாசலில் நின்று இரண்டு வார்த்தை வம்பு பேசிவிட்டுப் போனவர்கள்கூட இப்போது, "மாமி ஜபத்துல இருப்பா" என்று தாண்டிப் போய்விட்டார்கள். என் பொய் அவளுக்கு ஒரு கதவைச் சாத்திக் கொடுத்தது, நாலு கதவுகளை அடைத்தும் விட்டது.

ஆனாலும் அவள் தேறினாள். அதை நான் மறைக்க மாட்டேன். மூன்று வருடத்தில் நோட்டுகள் பதினொன்று ஆயின. பெருமாள் உள்ளில் மேல் தட்டில் அடுக்கி வைத்திருந்தாள். பயம் வந்தால் பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் புரட்டுவாளாம். "போன ஆவணியில பயந்ததுக்கெல்லாம் இந்த ஆவணியில பயப்படல்லைடி. எழுதி வெச்சிருக்கேனே, நானே இல்லைன்னு சொல்ல முடியாதே" என்பாள். அவள் குணமாகி வருவதற்கு அந்த நோட்டுகள்தான் சாட்சி. அவளுக்கு வேறு சாட்சி சொல்ல வீட்டில் ஆள் இல்லை. நானா? நான் அந்த லட்சணத்தில்தான் இருந்தேன். பள்ளியில் கணக்கு டீச்சர், தேர்வுத் தாள் கட்டு வீட்டில் காத்திருக்கும். ஒரு மாதம் ஆட்டோவில் எரிச்சல் தாங்காமல், "உங்களுக்கு என்ன மன்னி குறை? இதெல்லாம் பொழுது போகாதவாளுக்கு வர்ற வியாதி" என்று சொல்லிவிட்டேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அது நோட்டில் ஏறியிருக்கும் என்று எனக்குள் ஒரு முள் அன்றே தைத்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை. மன்னி வாழ்க்கையில் முதல் முறையாகத் தனியாகப் பஸ் ஏறித் தெப்பக்குளம் கடைவீதிக்குப் போயிருந்தாள், ரவிக்கைத் துணி வாங்க. "துணைக்கு வரட்டுமா?" என்று கேட்ட என்னைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் அம்மாவுக்குத் துணையாக வீட்டில் இருந்தேன். பத்தரை மணிக்கு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. காட்டூர்ப் பக்கம் ஒரு காலனியில் ஆஞ்சநேயருக்குப் புதிதாகச் சன்னதி எழும்புகிறதாம். பீடத்துக்கு அடியில் வைக்க நாம நோட்டுகள் சேகரிக்கிறார்களாம். பெரியவர் ஒருவர் இறங்கி வந்து கைகூப்பினார். அம்மாவே சொல்லி அனுப்பியிருக்கிறாள். மன்னி திரும்பி வந்ததும் சொல்லி அவளை ஆனந்தப்பட வைக்க வேண்டும் என்று ஆசை.

அம்மா தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, மேல் தட்டிலிருந்து நோட்டுகளை என்னைத்தான் இறக்கச் சொன்னாள். அவளுக்குக் கை எட்டாது. இறக்கினேன். பதினொன்றையும். கனமாக இருந்தன. அப்போது என் வாயில் எத்தனையோ வார்த்தைகள் இருந்தன. மன்னி வரட்டும்மா, அவ கையால குடுக்கட்டும் என்று சொல்லியிருந்தால் போதும், அம்மா கேட்டிருப்பாள். சொல்லவில்லை. யாராவது திறந்துவிட்டால் மன்னியின் மானம் போய்விடும், அதற்கு மண்ணுக்கடியில் போவது மேல் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். ஆட்டோவில் நான் சொன்ன அந்த வார்த்தை அதில் எங்கோ கட்டம் கட்டமாக இருக்கிறது, அது யார் கண்ணிலும் படாமல் ஒழியட்டும் என்றுதான் இறக்கிக் கொடுத்தேன். பெரியவர் ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு மன்னி வந்தாள். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு. "கூட்டத்துல நின்னேன்டி. ஒண்ணும் ஆகல்லை. பஸ்ல வரச்சயே என்ன எழுதணும்னு யோசிச்சிண்டு வந்தேன்" என்று என் காதோடு சொல்லிவிட்டுப் பெருமாள் உள்ளுக்குப் போனாள். அம்மா பின்னாலேயே போய்ச் சொன்னாள். "உன் நாமமெல்லாம் அவன் காலடிக்குப் போயிடுத்து. இனி என்ன குறை நோக்கு?" மன்னி காலியான மேல் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு அம்மாவை விழுந்து சேவித்தாள். எழுந்து கூடத்துக்கு வந்து என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ இருந்தியோ அப்போ?"

"இருந்தேன்" என்றேன். அவள் உள்ளே போய்ச் சாதம் வடித்தாள்.

அன்றைக்குப் பிறகு அவள் தில்லைநகருக்கு வரவில்லை. "நேக்கு ஒண்ணும் இல்லைடி, போறும்" என்றுவிட்டாள். அம்மா இன்னொரு டஜன் நோட்டு வாங்கிக் கொடுத்தாள். மன்னி அவற்றில் ஸ்ரீராமஜெயமே எழுதினாள், கட்டம் தப்பாமல், மணிமணியாக. நான் சொன்ன பொய் ஒருவழியாக மெய்யாகிவிட்டது. தனியாக அவள் பஸ் ஏறியதும் அந்த ஒரு நாளோடு சரி. நானும் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் போக்குவரத்தைக் குறைத்துக்கொண்டேன். பரீட்சை என்பேன், முழங்கால் வலி என்பேன். பண்டிகைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, நாலு பேர் நடுவிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடுவேன்.

எட்டு வருடம் ஆகிறது. அம்மா போய்விட்டாள். அண்ணா ஓய்வு பெற்று வந்து கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் என் கணவர் போனார். பெண் புனேயில் இருக்கிறாள். இந்தப் பங்குனியில் எனக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. இருதயம் நன்றாக இருக்கிறதாம். கண்ணை மூடி உட்காருங்கள், தினம் எழுதுங்கள் என்கிறார்கள். தெருக்கோடிக் கடையில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். என் வீட்டில் எல்லாக் கதவையும் சாத்திக்கொள்ளலாம், ஏன் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. ஆனால் பேனாவை எடுத்தால் அந்தச் சனிக்கிழமையைத் தவிர எதுவும் வரவில்லை. போன வாரம் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்குப் போனேன்.

மன்னி அடுப்படியில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நானே இறக்கிக் கொடுத்ததை, ஆட்டோவில் சொன்ன வார்த்தையை, அது நோட்டில் இருக்கும் என்று பயந்ததை. கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அவள் அரிவாள்மணையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அதை நான் எழுதவே இல்லையே" என்றாள். "உன்னைப் பத்தி அதுல ஒரு வரி கிடையாது. நீ வந்து தில்லைநகருக்கு அழைச்சிண்டு போற நாள்ல நான் எழுத மாட்டேன்டி. அதான் உன்னோட பேசிடுவேனே."

நான் அழுதேன். என் முதுகைத் தடவிக் கொடுப்பாள் என்று இந்த வயதிலும் எதிர்பார்த்தேன். அவள் நறுக்கிய காயைப் பாத்திரத்தில் வழித்துப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"நோட்டு போனா இன்னொண்ணு வாங்கி எழுதியிருப்பேன். நீதானே வர்றதை நிறுத்திட்டே" என்று சொல்லிவிட்டு, எனக்குக் காபியா மோரா என்று கேட்டாள்.