மிஷினுக்கும் எண்ணெய்க் குளியல்

தம்பி மகள் புதிதாக வாங்கிய மின்சாரத் தையல் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, எண்ணெய் விடும் துளை எங்கே என்று தேடினேன். "இதுக்கு எண்ணெயே வேண்டாம் அத்தை" என்றாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

எண்ணெய் என்றதும் காமு அக்காவின் கால்மிதி மிஷின்தான் நினைவுக்கு வருகிறது. யுத்த காலம். திருவனந்தபுரம் கோட்டைக்குள் எங்கள் வீடு. பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை காலியாக இருந்தது. தானே தைத்த கவுன் ஒன்றோடு அக்காவை வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நானோ மூக்கை நுழைக்காத இடமில்லாத வயது.

மறுநாள் போகவேண்டும். மார்கழிக் குளிரில் விடியும்போதே தைக்க உட்கார்ந்தாள். சக்கரம் அசையவில்லை. முந்தின நாள் மத்தியானம் ஜோராக ஓடிய மிஷின்! சாலைக் கடைவீதியில் ரிப்பேருக்குக் கொடுத்தால் பொங்கலுக்குத்தான் திரும்பும்.

"சகுனம் சரியில்லை. நாளைக்குப் போகவேண்டாம்" என்றார் அப்பா. குரலில் நிம்மதி தெரிந்தது.

அக்கா ஊசியைக் கழற்றி, அடித் தகட்டையும் திறந்தாள். உள்ளே என்னதான் இருக்கிறது என்று நான் தலையை நீட்டினேன். துணியைத் தள்ளும் பற்களுக்கடியில் பல நிறத்தில் நூல்தூசி. அதன்மேல் வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. விரலில் எடுத்து மோந்தேன். என் தலையின் வாசனை! துளசியும் செம்பருத்தியும் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய்.

"அம்மா, மிஷினுக்கு எண்ணெய் விட்டயோ?" என்று கத்தினேன்.

"பின்னே? வெள்ளிக்கிழமை உங்க ரெண்டு பேர் தலைக்கும் வெச்சா, அதுக்கும் ரெண்டு சொட்டு. அதுவும் இந்தாத்துப் பொண்ணாக்கும்."

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. வறுவல், விளக்கு, கதவுக் கீல் எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் அந்த ஒரே எண்ணெய்தான். மத்தியானம் இளகுவது விடியற்காலையில் உறைந்துபோகிறது, அவ்வளவுதான்.

அக்கா சிரித்துவிட்டாள். மிஷினை முற்றத்து வெயிலில் வைத்து, கொண்டை ஊசியால் தூசியைக் கிளறி எடுத்து, விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தாள். அடுத்தாத்து மாமாவின் சைக்கிள் எண்ணெயில் நாலு சொட்டு விட்டதும் சக்கரம் சுற்றியது. சாயங்காலத்துக்குள் கவுன் தயார்.

மறுநாள் பெரிய டீச்சர் கவுனை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் முதல் வந்நோளூ" என்றாராம், வரலாம் என்று மலையாளத்தில்.

அக்கா வேலைக்குப் போன முதல் நாள், நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உள்ளே மிஷின் ஓடும் சத்தம். அதற்குள் திரும்பிவிட்டாளா என்று எட்டிப் பார்த்தேன். அம்மா உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் இல்லை, அடியில் துணியும் இல்லை.

"ஓடாம வெச்சா துருப்பிடிச்சுடாதோ?" என்றாள் என்னைப் பார்க்காமலே.

எனக்கு என்னவோ அழுகை வந்துவிட்டது. அக்காவிடம் இதை நான் சொன்னதேயில்லை. இப்போது சொல்லலாமென்றால் அவளும் இல்லை, அந்த வீடும் இல்லை.