காற்று நின்றுபோன லாரி

என் முதல் இரண்டு பிள்ளைகளும் வீட்டிலேயே பிறந்தவை. இரண்டும் பிறக்கும்போதே உயிரில்லாமல் போயின. அதனால் மூன்றாவதை எப்பாடுபட்டாவது புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில்தான் பெற்றெடுப்பது என்று பிடிவாதமாக இருந்தேன். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். வலி எடுத்த அன்று ஆவுடையார்கோவிலில் நெல் மூட்டைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு நின்றார். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் என்னையும் தன் தங்கையையும் முன்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்போது மாசி மாதம். மாசியில் எங்கள் பக்கத்துத் தார் ரோடு ரோடாகவா இருக்கும்? களமாகத்தான் இருக்கும். பிடுங்கிக் காயவைத்த கொள்ளுச் செடியை ரோடு முழுக்கப் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறி நெற்று உடையும், மாடு கட்டி மிதிக்கவிடுகிற வேலை மிச்சம். பஸ்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றிப் போவார்கள். என் வீட்டுக்காரருக்கோ அதில் தனிப் பெருமை. கை காட்டினால் போதும், ஏற்றியது போதாதென்று பின்னால் எடுத்து இன்னொரு தடவையும் ஏற்றிக் கொடுப்பார். நான் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்றைக்கும் அந்தத் தர்மத்தை விடவில்லை மனிதர். பொட்டு, அதாவது உடைந்த நெற்றின் தோலும் தூளும், பறந்து வந்து கண்ணாடியை மறைத்தது.

அந்த லாரியில் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன மூடி உண்டு. தூக்கி வைத்தால் கம்பிவலை வழியாக நம் காலடியில் காற்று அடிக்கும். அறந்தாங்கி தாண்டியதும் அது நின்றுவிட்டது.

“ஏங்க, காத்து வரலீங்க.”

“ஒனக்கு வலி. அதான் அப்படித் தெரியுது.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் வலியே ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று. கொஞ்ச தூரத்தில் கால் வைத்த பலகை சுட்டது, எஞ்சின் மூடிக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பியது. வண்டியை நிறுத்திக் குதித்தவர், பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியை வெறுங்கையால் திருகினார். கொதிதண்ணீர் பீறிட்டு வலது கையைப் பொசுக்கிவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் நாத்தனார் அழ ஆரம்பித்துவிட்டாள். இத்தனை வருஷம் லாரி ஓட்டியவர் செய்கிற காரியமா அது? இந்த மனிதரை நம்பித்தானே என் பிள்ளை வந்துகொண்டிருக்கிறது!

கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, சூடு ஆறும்வரை நின்று, தண்ணீர் ஊற்றி மறுபடி ஓட்டினார். கூப்பிடு தூரம் போவதற்குள் மறுபடி கொதித்தது. இறங்கித் தடவித் தடவிப் பார்த்தார்.

“தண்ணி இருக்கு. பெல்ட்டு இருக்கு. உள்ள காத்தாடி சுத்துது. அப்பறம் என்ன எழவு இதுக்கு?”

“காத்து வரலன்னு நாஞ் சொன்னது காதுல விழுகலையா? மொதல்ல இந்த வலையப் பாருங்க!”

குனிந்து வலையில் விரல் வைத்தார். பொட்டு, பாய் முடைந்ததுபோல் அப்பியிருந்தது. பிறகு ஓடிப்போய், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, தோள் துண்டை எடுத்து ரேடியேட்டருக்கு முன்னால் விரித்துப் பிடித்தார். உள்ளே சுற்றும் காத்தாடி துண்டை இழுத்து ஒட்டவைக்க வேண்டும். துண்டு அசையாமல் தொங்கியது. காற்று நுழைகிற தகட்டு இடுக்கெல்லாம் பொட்டு அடைத்து, சிந்திய தண்ணீரில் ஊறி இறுகிக் கிடந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். மாட்டுக்குப் போடுகிற பொட்டு என் பிள்ளையை நடுரோட்டில் மறித்து நிறுத்தியிருந்தது.

எஞ்சினை நிறுத்தி, என் கொண்டை ஊசியையும் நாத்தனாரின் கொண்டை ஊசியையும் வாங்கி அண்ணனும் தங்கையுமாகக் குத்திக் குத்தி எடுத்தார்கள். பின்பக்கமிருந்து தண்ணீரை அடிக்கக் கட்டிகட்டியாக முன்னால் விழுந்தது. எஞ்சினை ஓடவிட்டுத் துண்டை மறுபடி பிடித்தபோது சட்டென்று ஒட்டிக்கொண்டது. கிளம்பினோம், சூடு காட்டுகிற முள் இறங்கியது. எனக்கு வலி நெருக்கிவிட்டது.

புதுக்கோட்டை கிட்டத்தில் மறுபடியும் ரோடு முழுக்கக் கொள்ளு. வா வா என்று கை காட்டுகிறார்கள். வண்டியை நிறுத்தி இறங்கியவர், இரண்டு கையாலும் செடியை வாரி ஓரத்தில் எறிய ஆரம்பித்தார். களத்துக்காரர் ஓடி வந்தார்.

“அண்ணே, என்ன பண்றீங்க? நீங்க ஏத்துறதுக்குத்தானே போட்டிருக்கோம்!”

இவர் நிமிரவே இல்லை. அந்த ஆள் கோபத்தில் சட்டையைப் பிடித்துவிட்டார். ஒரு சொல் பொறுக்காத மனிதர் என் வீட்டுக்காரர். அடிதடிதான் என்று நான் பதறினால், தோல் உரிந்த கையையும் மற்றக் கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

“எனக்கு ரெண்டு போச்சுங்க,” என்றார். “ரெண்டு போச்சு. வண்டிக்குள்ள மூணாவது இருக்குங்க.”

நான் அதிர்ந்துபோனேன். அந்த இரண்டைப் பற்றி அவர் அதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை, என்னிடம்கூட. ஆம்பளைக்கு என்ன தெரியப்போகிறது, மறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன். களத்துக்காரர் சட்டையை விட்டுவிட்டுத் திரும்பி, “ஏய், எல்லாத்தையும் அங்கிட்டுத் தள்ளுங்க, தள்ளுங்க!” என்று கத்தினார். கவைக்கம்பும் விளக்குமாறுமாக அத்தனை பேரும் பாய்ந்தார்கள். வண்டி போகிற அகலத்துக்கு ரோடு கறுப்பாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே தூக்கிப் போனதும், டாக்டரம்மா அதட்டியதும் ஞாபகம் இருக்கிறது. இடையில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ என்று நினைத்தேன்.

“யாருக்கும்மா பொறந்திருக்கு?” என்று நர்ஸம்மாவைக் கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“ஒனக்குத்தாம்மா.”