பாலில் ஊறிய ஓபல்

எத்தியோப்பிய மலைகளில் தோண்டிய ஓபல் கற்கள் மொன்றியலுக்கு வரத் தொடங்கிய புதிது அது. கண்காட்சி ஒன்றில் நெல்லிக்காயளவு முரட்டுக் கல்லொன்றை வாங்கினேன். மண்ணிறத் தோல் உடைந்திருந்த மூலையில் வெண்மைக்குள்ளிருந்து பச்சையும் செம்மஞ்சளும் தெறித்தன. அக்காவுக்குச் சுக்கிரன் பலங்குன்றியிருப்பதால் வெள்ளைக் கல் அணிய வேண்டும் என்று ரொறன்ரோச் சோதிடர் ஒருவர் தொலைபேசியில் கூறியிருந்தார். வைரம் எங்களுக்கு எட்டாது. ஓபலும் ஆகுமென்று அவரே இசைந்தார். மோதிரத்துக்கு வேண்டிய கல்லை நானே வெட்டித் தருவதாக அக்காவிடம் சொன்னேன்.

மொன்றியலின் வில்லரேப் பகுதியில் அக்கா மேல்வீட்டிலும் நான் கீழ்வீட்டிலும் குடியிருந்தோம். நிலவறையில், பொழுதுபோக்காகக் கற்கள் தீட்டும் என் சிறு சாணை இருந்தது. ஓபலை உலர்வாகத் தீட்டினால் சூடேறி வெடித்துவிடும். நீர் சொட்டச் சொட்டவே தீட்ட வேண்டும். இவ்வகைக் கல்லோ அந்நீரைக் குடித்துவிடும். குடித்ததும் கண்ணாடிபோல் தெளிந்து, நிறங்கள் யாவற்றையும் ஒளித்துக்கொள்ளும். எந்தப் பக்கம் நிறம் நிற்கிறது என்றறியாமல் சற்றே தீட்டி, நாட்கணக்கில் உலரவிட்டு, நிறம் மீண்டபின் நோக்கினால், தேய்க்கக்கூடாத இடத்தைத் தேய்த்திருப்பேன். மறுபடியும் நனைக்க வேண்டும். மறுபடியும் காத்திருக்க வேண்டும். அந்தப் பனிமாரி முழுவதும் நான் வெட்டியது சொற்பம், காத்திருந்தே சலித்தேன்.

ஒருவழியாக நீள்வட்டமாய் முதுகு குவிந்த கல் உருவாயிற்று. மெருகிட்டு, உலர்வதற்காகக் என் குசினி யன்னலோரம் பீங்கான் தட்டில் வைத்திருந்தேன். வியாழன் மாலை வேலையால் வந்தபோது பீங்கான் வெறுமையாயிருந்தது. மேலே ஓடினேன்.

"அக்கா, கல்லு எங்கை?"

"சாமியறையிலை, பாலுக்கை கிடக்குது. நாளைக்கு வெள்ளிக்கிழமையெல்லே. சுத்தி செய்யாமல் போடலாமே?"

கிண்ணத்திலிருந்த பால் மஞ்சளாயிருந்தது.

"இதுக்கை என்ன போட்டனீங்கள்?"

"கொஞ்சம் மஞ்சள்தான். பின்னை மிளகாய்த்தூளே போடுறது?"

கல்லை வெளியே எடுத்தேன். முட்டை மஞ்சட்கருவின் நிறம். உள்ளே ஒரு பொறிகூட இல்லை.

"தண்ணி குடிக்கிற கல்லெண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

"தண்ணியெண்டுதானே சொன்னனீ. நான் பாலெல்லோ விட்டனான்."

தூய நீரில் ஊறவைத்தேன், உலர்த்தினேன், மீண்டும் ஊறவைத்தேன். பச்சையும் செம்மஞ்சளும் திரும்பின, வெண்மை திரும்பவில்லை. அடிப்புறத்தை ஒரு படலம் தீட்டிப் பார்த்தேன். உள்ளும் மஞ்சளே. இன்னும் தீட்டினால் விளிம்பு நொறுங்கும். சாணையை நிறுத்திவிட்டு, அன்று எவருடனும் பேசாதிருந்தேன்.

அக்கா பேசினார், சோதிடருடன். பிறகு முகமலர்ச்சியுடன் படியிறங்கி வந்தார்.

"மஞ்சளெண்டால் குருவுக்கு நல்லதாம். சுட்டுவிரலிலை போடட்டாம்."

"அப்ப சுக்கிரன்?"

"அதுக்குத்தானே நீ இருக்கிறாய்."

அக்கா தட்டாரிடம் கல்லைக் கொடுத்து, சுட்டுவிரலுக்கு அளவாக மோதிரம் செய்வித்து அணிந்துகொண்டார். அடுத்த வியாழன் நிலவறைக்கு வந்து, சாணைமீது படிந்திருந்த தூசியைப் பார்த்தார். மஞ்சள் கல் மின்னும் அந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சுக்கிரன்ரை கல்லை இந்த முறை கொஞ்சம் பெரிசாய் வெட்டு."