முதல் அடி

எங்கள் மலையில் வீட்டுக்குள் சிக்னல் வராது. மேட்டுப் புளியமரத்தடிக்குப் போனால்தான் செல்போனுக்கு உயிர் வரும். அன்றைக்கு அங்கேதான் புளி அடித்துக்கொண்டிருந்தோம். நான், என் தம்பி, ஒன்பதாவது படிக்கும் அவன் மகள். பொறுக்கிக்கொண்டிருந்த பிள்ளையின் பையில் போன் விடாமல் கத்தியது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்துத் தம்பி பிடுங்கினான். அவனுக்குப் படிக்க வராது. வாய்ஸ் மெசேஜை அமுக்கிக் கேட்கத் தெரியும். அமுக்கினான்.

“ஒழுங்கா சந்தைக்கு வா. வரலன்னா உன் போட்டோவ ஊருக்கே அனுப்பிடுவேன்.”

ஆம்பிளைக் குரல். தன்னைக் கண்ணமங்கலத்துப் பள்ளிக்கூடப் பெண் என்று சொல்லி இவளிடம் போனில் பழகியிருக்கிறான், பாவி. தோழிதானே என்று நம்பி, அனுப்பக் கூடாத படத்தை இவள் அனுப்பியிருக்கிறாள்.

அவ்வளவுதான், தம்பி கையிலிருந்த கோல் பிள்ளையின் முதுகில் இறங்கியது. இரண்டாவது அடியில் சட்டை கிழிந்து ரத்தம் வந்தது. மூன்றாவதை நான் குறுக்கே கை நீட்டி வாங்கினேன். மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

“கட்டையில போறவனே! கொழந்தய இன்னாடா பண்ற?”

“மானத்த வாங்கிட்டாளே!” என்று போனைப் பாறையில் வைத்துக் கல்லைத் தூக்கினான். உடைத்தால் போட்டோ போய்விடும் என்று நினைத்தான், மடையன். படம் அந்த நாயிடம் அல்லவா இருக்கிறது! நல்ல கையால் அவன் முடியைப் பிடித்து இழுத்தேன்.

“அவன் பேசுனது இதுலதாண்டா இருக்குது. ஒடைச்சுட்டு அவன எப்படிடா புடிப்ப?”

போனை எடுக்கும்போது என் விரல் பட்டு அடுத்த மெசேஜ் பேசியது.

“உங்க அப்பன்கிட்ட சொல்லித்தான் பாரேன். என்ன ஒண்ணும் புடுங்க மாட்டான். உன்னத்தான் அடிப்பான்.”

தம்பி கல்லைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

போனை ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதிலிருந்தே ‘வர்றேன்’ என்று பதில் போட்டு, ஜமுனாமரத்தூர் சந்தையில் போலீஸ் அவனைப் பிடித்தது. ஜீப்பில் ஏற்றுவதற்குள் சனம் அவன் வாயைக் கிழித்தது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு நானும் செருப்பைக் கழற்றினேன். பொய் சொல்வானேன், வயிறு குளிர்ந்தது.

இந்த வருஷமும் புளிக்குப் போனோம். தம்பி கோலை எடுத்ததும் பிள்ளை ஓடிவந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

“உன்ன இல்லம்மா, மரத்தத்தான்” என்றான் அவன்.

அவள் வெளியே வரவில்லை.