வடக்குச் சுவரோரம் ஐந்தாவது கல்

நான் சத்தியம் எதுவும் செய்யப் போவதில்லை. நோட்டு என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அதில் இருப்பது என் கையெழுத்து. பேய் என்று யாராவது பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆனால் இது எனக்கே நடந்தது. 2008 நவம்பர் 20, வியாழக்கிழமை. லிங்கன்ஷையரில் எங்கள் ஊர்த் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில். நடுராத்திரி இல்லை, நல்ல வெளிச்சம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் எனிட். தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவள். ஊர் வரலாற்றுக் குழுவுக்காகக் கல்லறைக் கற்களில் உள்ளதை எழுதி வைக்கிறேன். எனக்குக் கூட்டு ரோலண்ட். எழுபது வயது, ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். ஒருவர் படிக்க வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். எழுதுகிறவருக்கு ஒரே விதிதான். காதில் விழுந்ததை அப்படியே எழுது, யோசிக்காதே, திருத்தாதே. குளிர்காலத்தில் வெயில் சாயும் நேரம்தான் இந்த வேலைக்குத் தோது. தேய்ந்த எழுத்துகூட அப்போது நிழல் கட்டித் தெரியும்.

குழுவுக்காக என்று சொன்னேன் அல்லவா? உண்மையில் என் அம்மாவுக்காக. அம்மாவுக்கு எண்பத்தைந்து வயது. முதியோர் இல்லத்தில் இருந்தாள். கிறிஸ்துமஸைத் தாண்ட மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 1947 மார்ச்சில் அவளுக்கு முதல் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. நர்ஸ் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டாள். முகத்தைக்கூடக் காட்டவில்லை.

அந்தக் காலத்தில் அப்படித்தான். அடக்கத்துக்குக் காத்திருக்கும் யாரோ ஒருவரின் பெட்டியில் குழந்தையையும் சேர்த்து வைத்துவிடுவார்கள். யாருடைய பெட்டி என்று பெற்றவளுக்குச் சொல்ல மாட்டார்கள். அந்த வருடம் பனியில் மண் கல்லாக இறுகிப்போய், இளகியதும் ஒரே வாரத்தில் ஏழு பேரைப் புதைத்திருக்கிறார்கள். பதிவேட்டில் ஏழு பெயர். ஏழும் வடக்குச் சுவரோர வரிசை. அதில் யாரோடு என் அக்கா? பதிவேட்டில் இல்லை. கல்லிலாவது ஒரு குறிப்பு இருக்காதா என்று எனக்கு ஒரு நப்பாசை.

ஒவ்வொரு ஞாயிறும் அம்மா ஒரே வார்த்தைதான் கேட்பாள். "கெடச்சாளா?"

அன்று மணி 3.05. முகத்தில் அறைகிற காற்று. நான் காற்றுக்கு முதுகைக் காட்டி ஒரு தட்டைக் கல்லறை மேல் உட்கார்ந்தேன். ரோலண்ட் எனக்குப் பின்னால், வரிசையின் முதல் கல் முன்னே மண்டியிட்டிருந்தார்.

"அம்மணி, கை விறைச்சிருச்சா? கோழி கிறுக்கின மாதிரி எழுதி வச்சா குழுவுல திட்டு எனக்குத்தான் விழும்."

"நீங்க மொதல்ல மூக்கை உறிஞ்சாம படிங்க."

முதல் கல்லுக்கே பத்து நிமிடம் ஆனது. ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவிப் படித்தார். நடுநடுவே இருமல். 3.22க்கு ஏதோ கத்திச் சொன்னார். காற்றில் சரியாகக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது கல் தொடங்கியது.

பெயர், வயது, தேதி. தடங்கலே இல்லை. செய்தித்தாள் படிப்பது போல. நல்ல வெளிச்சம் கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எழுதினேன்.

மூன்றாவது. இருமல் இல்லை... மூக்கு உறிஞ்சலும் இல்லை.

நான்காவது. குரல் தள்ளிப் போயிருந்தது. ஆனால் அதே தெளிவு. காதருகே சொல்வது போல.

"ஐந்தாவது. ஹெஸ்டர் டிரிங். வயது எழுபத்து நான்கு. இவரோடு ஒரு பெண் குழந்தை."

என் பேனா நின்றது. அக்கா! எழுதினேன்.

"மூடியபோது அழுதது."

அதையும் எழுதினேன்...

எழுதிய பிறகுதான் படித்தேன்.

மணி 3.41.

"ரோலண்ட்?"

குரலை உயர்த்தினேன்.

"ரோலண்ட்!"

"என்ன, என்ன?"

குரல் என் பின்னாலிருந்து வரவில்லை.

முன்னாலிருந்து வந்தது.

வாசல் கேட்டைத் திறந்துகொண்டு ரோலண்ட் வந்துகொண்டிருந்தார். கையில் டார்ச்.

"பேட்டரி எடுக்க காருக்குப் போறேன்னு கத்திட்டுத்தானே போனேன்? கால் மணி நேரமா தேடிக் கண்டுபிடிச்சேன்."

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. வரிசையை நோக்கி ஓடினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அப்புறம் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி போனது.

"அஞ்சாவது எங்க?"

"நாலுதான் அம்மணி. அறுபத்துமூணுல ரோட்டை அகலப்படுத்துனப்ப மிச்ச மூணையும் தோண்டி எடுத்துட்டாங்க. எலும்பை எங்க கொண்டுபோய்க் கொட்டுனாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

நோட்டை அவரிடம் நீட்டினேன். படித்தார். கேலி எதுவும் பேசவில்லை. வாங்க போகலாம் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கல்லறைத் தோட்டப் பக்கமே வருவதில்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் ஊருக்குச் சவப்பெட்டி செய்த தச்சர்களில் ஒருவர் உயிரோடு இருப்பதாகத் தெரிந்தது. சிரில் பிளேட்ஸ். எண்பத்தைந்து வயது, மகள் வீட்டில் இருந்தார். சனிக்கிழமை காலை 10.15க்குப் போன் செய்தேன். ஹெஸ்டர் டிரிங் பெட்டியில் ஒரு குழந்தையை வைத்தார்களா என்று கேட்டேன்.

"ஆமா," என்றார். நாற்பத்தேழில் நடந்ததை நேற்று நடந்தது போல உடனே சொன்னார்.

அடுத்த வரியைப் படித்துக் காட்டினேன்.

அவர் குரல் தாழ்ந்தது.

"யாரும்மா சொன்னா உனக்கு?"

நோட்டை மூடி வைத்தேன்.

"நானும் முதலாளியும் மூடியை முடுக்கிட்டு இருந்தோம். வேற யாரும் இல்ல. ரெண்டு பேருக்கும் கேட்டுச்சு... காத்துன்னு சொல்லிக்கிட்டோம். முடுக்கி முடிச்சுட்டோம். அவர் செத்து முப்பத்தேழு வருஷம் ஆச்சு. நான் என் பொண்டாட்டிகிட்டகூட வாயைத் திறந்ததில்ல. சொல்லு, யாரு சொன்னா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. அம்மா படுக்கையில் இருந்தபடியே என் முகத்தைப் பார்த்தாள்.

"கெடச்சாளா?"

"இல்லம்மா."

அம்மா என் கையைத் தடவிக் கொடுத்தாள்.

"போகுது விடு. அவ ஒரு தடவைகூட அழலைன்னு அந்த நர்ஸ் சொன்னா. கஷ்டமே தெரியாம போயிருக்கா. இத்தன வருஷமா எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்."