பின் கண்ணாடியில் இரண்டு பெயர்கள்

காலை மணி ஐந்து ஐம்பது. ஜன்னல் வழியாக நான் முதலில் பார்த்தது, எங்கள் காருக்குப் பின்னால் லுங்கியோடு நின்றிருந்த அப்பாவை. கையில் சமையலறையின் மின்சாரக் கெட்டில். அதன் மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. காரின் பின் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி இல்லை.

என்னை எழுப்பியது ஒரு சத்தம். பட்டென்று ஒரு வெடிப்பு, பிறகு சரளைக் கல்லைக் கொட்டியது போல ஒரு சரிவு.

அப்போது நான் நான்காம் வகுப்பு. கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். பள்ளி ஆசிரியரான அப்பா, காரை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், சர்ச்சுக்குக் கிளம்பும் முன் கழுவுவார். அதுவும் குழாய்த் தண்ணீரில். அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை விடியலில் வெந்நீரில் கார் கழுவுவது எதற்காக என்று யோசித்துக்கொண்டே நான் வாசலுக்குப் போனேன். அதற்குள் கெட்டில் சமையலறைக்குத் திரும்பியிருந்தது. அம்மா வெளியே வந்து காருக்கருகில் நின்றிருந்தாள்.

"தேங்காய் விழுந்துடுச்சு" என்றார் அப்பா.

அம்மா அண்ணாந்து பார்த்தாள். மேலே மின்கம்பிகள் போயின.

அந்தக் கண்ணாடியில் இரண்டு பெயர்கள் இருந்தன. எங்கள் பக்கத்தில் கார் வாங்குகிறவர்கள் பிள்ளைகளின் பெயரைப் பின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது வழக்கம். மேலே அக்காவின் பெயர், கீழே என்னுடையது, தனித்தனி ஸ்டிக்கராக. என் பெயர் ஊரெல்லாம் போய் வருகிறது என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. அக்கா என்னைவிடப் பதினான்கு வயது பெரியவள். நான்கு மாதமாக வீட்டில் இல்லை. பெங்களூரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவள் தானாக ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள் என்பது எனக்குத் தெரியவர மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

அன்று மாலை கூடுவாஞ்சேரியில் பெரியப்பா மகனுக்கு நிச்சயதார்த்தம். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். அதற்குள் கண்ணாடி போட்டாக வேண்டும் என்று பம்மலில் ஒரு பட்டறைக்குப் போனோம். அம்மாவும் நானும் பின் இருக்கையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தோம். சாலைப் புழுதி முழுவதும் எங்கள் கழுத்தில் இறங்கியது.

பட்டறைக்காரர் காரைச் சுற்றி வந்தார். கூரையைத் தடவினார். டிக்கி மூடியைத் தடவினார்.

"இன்னா சார் ஆச்சு?"

"தேங்காய் விழுந்துடுச்சுப்பா."

"காய் வுழுந்தா தகரம் நசுங்கிருக்கும் சார். இது நோவாம ஒடஞ்சிகீது."

"எங்க தெருவுல தென்னை மரமே இல்லை அண்ணா" என்றேன். தகவல் உதவியாக இருக்கும் என்று நினைத்தேன். அப்பா என்னைப் பார்த்தார். அம்மா எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்தாள்.

"வுடு பாப்பா. பக்கத்துத் தெருவுலேர்ந்து பறந்து வந்துருக்கும்."

அவர் ரப்பர் பட்டையை உருவி, மிச்சத் துகள்களைப் பிரஷ்ஷால் தள்ளினார். டிக்கி இடுக்கிலிருந்து ஸ்டிக்கர்கள் இரண்டும் வந்தன. என் பெயருக்குப் பின்னால் கண்ணாடித் துகள்கள் ஒன்றுகூட உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்ததால், அது பலகை போலவே விறைப்பாக இருந்தது. அக்காவின் பெயரில் பாதிதான் அப்படி. மறுபாதி துகளே இல்லாத வெறும் பிளாஸ்டிக், ஓரம் சுருண்டு தொங்கியது. ஒரே கண்ணாடி, ஒரே நேரத்தில் உடைந்தது. அவளுடையது மட்டும் ஏன் இப்படி என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பட்டறைக்காரரும் பார்த்தார். பிறகு தேங்காயைப் பற்றிப் பேசவில்லை.

"ஸ்டிக்கர் எடுக்க சுடுதண்ணி ஊத்தாதீங்க சார். ஓரத்துல சின்னக் கீறல் இருந்தா போதும், மொத்தமும் பூடும். தலைமுடி காயவைக்கிற மிஷின் இருந்தா அத்தக் காட்டுங்க, தானா உரிஞ்சிகினு வரும்."

அப்பா சட்டைப் பையில் எதையோ தேடினார். அம்மா ஸ்டிக்கர்கள் இரண்டையும் என் கையிலிருந்து வாங்கி, கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள்.

புதுக் கண்ணாடியைப் பொருத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. ரப்பரின் பள்ளத்தில் நைலான் கயிற்றை ஓட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து அழுத்த, ஒருவர் உள்ளிருந்து கயிற்றை இழுத்தார். கயிறு வர வர ரப்பர் உதடு போல மடிந்து உள்ளே ஏறியது. கடைசிப் பிடி கயிறு வெளியே வந்ததும் பட்டறைக்காரர் கண்ணாடியை முழங்கையால் துடைத்தார்.

"பேரு ஒட்டணுமா சார்? பக்கத்துக் கடையில அஞ்சு நிமிஷம்."

"சின்னவ பேரு மட்டும் போடச் சொல்லு."

நான் கடையை நோக்கி இரண்டு அடி வைத்துவிட்டேன்.

"போட்டா ரெண்டு பேரையும் போடுங்க" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "இல்லைன்னா ஒண்ணும் வேண்டாம்."

அப்பா வண்டியை எடுத்தார்.

அக்கா பெங்களூரில் இருப்பதற்கு என் பெயர் என்ன பாவம் செய்தது என்று கூடுவாஞ்சேரி வரை அழுதேன். மண்டப வாசலில் பெரியப்பா புதுக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார்.

"என்னடா, என்ன ஆச்சு?"

"கல் பட்டுடுச்சு அண்ணா."

"பெரியவ வரலையா?"

"லீவு கிடைக்கலை."

காலையில் தேங்காய், மாலையில் கல். எதை நம்புவது என்று அம்மாவிடம் கேட்டேன். சாப்பிடப் போகலாம் என்றாள்.

அடுத்து வந்த வாரம் எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்கள். சனிக்கிழமைக்குள் கார் முழுவதும் செம்மண் படிந்துவிட்டது. அம்மா போட்ட நிபந்தனை எனக்கு நினைவிருந்தது. இரண்டு பேர் என்றால் சரி. பின் கண்ணாடிப் புழுதியில் விரலால் மேலே அக்காவின் பெயரையும் கீழே என் பெயரையும் எழுதினேன்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சுக்குக் கிளம்பும் முன் அப்பா காரைக் கழுவினார். முன் கண்ணாடி, கூரை, நான்கு கதவுகள், சக்கரங்கள். பின்பக்கம் வந்தவர் சற்று நேரம் குழாயைக் கீழே பிடித்தபடி நின்றார். தண்ணீர் அவர் செருப்பு மேல் ஓடியது. மறந்துவிட்டார் என்று நினைத்து ஈரத் துணியை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பிழிந்து மதில் மேல் காயப் போட்டார்.

அந்த வாரமும் அடுத்த வாரமும் பின் கண்ணாடியைக் கழுவவில்லை.