அப்டேட் போடாத மடிக்கணினி

மடிக்கணினியைத் திறந்துவிட்டுக் குளிக்கப் போவேன். வந்தால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். தேநீர் கலக்குவேன். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் சன்னலுக்கு வெளியே மோனோரயில் வரும், போகும், மறுபடி வரும். வட்டம் சுற்றும். ஊரே எங்கோ போய்ச் சேர்ந்துவிட்டது, என் மேசை மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை.

வாங்கிய புதிதில் இப்படி இல்லை. எந்த நாளில் சோம்பல் தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. எடை கூடுவது மாதிரி, காது மந்தமாவது மாதிரி, ஒருநாள் பார்த்தால் ஆகியிருந்தது.

"அப்டேட் போடுங்கன்னு எத்தன வருஷமா சொல்றேன்" என்பாள் மனைவி.

போட மாட்டேன். என் பழைய கவிதைகள் எல்லாம், ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு வைத்திருந்த காலத்தில் அடித்தவை. இந்தக் கணினியில்தான் அவை தமிழாகத் தெரிகின்றன. நண்பர் ஒருவர் புதிய கணினிக்கு மாறினார். அவருடைய நாவல் முழுக்கக் கொக்கியும் கேள்விக்குறியுமாகத் திறந்தது. அந்தப் பயம். அந்த எழுத்துருவுக்கு ஒரு மென்பொருள், புது எழுத்துருவுக்கு இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே மாற்றிக் கொடுக்க மூன்றாவது. எல்லாம் கணினியோடு சேர்ந்தே எழும். அப்புறம் அது எங்கே நடக்கும்?

ஓர் எழுத்தை அடித்தால் அது திரைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்து காத்திருந்து என் வாக்கியங்கள் சுருங்கின. போன தொகுப்பைப் படித்த ஒருவர், "உங்க வரிகள்ல இருக்கற மௌனம் இருக்கே, சார்" என்று உருகினார். நன்றி சொன்னேன். மௌனம் கணினியுடையது.

போன மாதம், ஒரு சனிக்கிழமை காலை. மறுநாள் என் புதுப் புத்தகத்துக்கு வெளியீடு. எல்லாப் பக்கமும் கிள்ளானில் உள்ள அச்சகத்துக்குப் போயாயிற்று, கடைசிப் பக்கம் தவிர. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போகும் ரயிலைப் பற்றிய பக்கம் அது. அடித்து முடித்துச் சேமிக்கப் போனேன். அம்புக்குறி நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு திரை நீலமானது. நடுவில் ஒரு சோக முகம். வேகம் கொஞ்சம் கூடட்டும் என்று தானாகச் சேமிப்பதையும் நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன்.

மேசையில் ஓங்கி அடித்தேன். "நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அழ வேண்டியவன் நானு!"

"யார்கூட சண்ட?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"இந்தச் சனியன்கூட!"

அச்சகத் தம்பி போனில் அழைத்தான். "அண்ணே, மெஷின் சும்மா நிக்குது லா. கடைசிப் பக்கம் எங்க?"

"ஹேங் ஆயிருச்சுப்பா."

"எது, கவிதையா?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "வாயால சொல்லுங்க. இங்க நாலு பேரு வந்தா விடாம சொல்லுவீங்கல்ல?"

சொன்னேன். அவன் கிள்ளானில் அடித்தான். ஒரு வரிக்குப் பின் இன்னொன்று வர எதற்காகவும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. முற்றுப்புள்ளி வைக்க இடமே கிடைக்காமல் வாக்கியம் சுபாங் ஜெயா நிலையத்தைத் தாண்டியது, ஷா ஆலாமைத் தாண்டியது, நான் எழுதி வைத்ததையும் தாண்டிப் போனது.

"மெல்ல அண்ணே! என் கை ஹேங் ஆயிரும்."

முடித்தபோது இரண்டு பக்கமாகியிருந்தது. "ஒரு பக்கம்தானே சொன்னீங்க? வெட்டவா?"

"கைய வைக்காத."

அதற்குள் கணினி தானாக உயிர் பெற்று, அப்டேட் போடவா என்று கேட்டது. மனைவி பின்னால் நின்று பார்த்தாள். "இப்பவாச்சும்?"

இந்தக் கணினிக்குள்ளேதான் என் இருபது வயது கிடக்கிறது. 'பிறகு' என்பதை அழுத்தினேன். இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய கவிதையைத் திறந்தேன். வட்டம் சுற்றத் தொடங்கியது.

"நான் குளிச்சிட்டு வரேன்" என்று போய்விட்டாள்.